எழுத்தும் தையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் இருபது வருடங்களாக வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். ஏழு வருடங்களாக மாதத்தில் இரண்டு ஞாயிறு, எழுதிப் பழகுகிற பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒரு வாசகசாலையில் உட்காருகிறேன். அங்கே எதை விளக்க ஆரம்பித்தாலும் என் வாயில் தையல் உதாரணம்தான் வரும். இதைக் கேட்டுவிட்டு எழுத வந்தவர்களும் கேள்வி கேட்பார்கள், என்னிடம் தையல் பழகுகிற பெண்களும் கேட்பார்கள். வருடக்கணக்காகக் காதில் விழுகிற கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தையலுக்கும் எழுத்துக்கும் என்னங்க்கா சம்பந்தம்? சும்மா ஒரு உவமைக்குச் சொல்றதுதானே?

உவமைக்காக நான் கண்டுபிடித்தது இல்லை. நம் மொழியிலேயே இருக்கிறது. ஊசியில் கோப்பதும் நூல், அலமாரியில் அடுக்குவதும் நூல். பனுவல் என்றால் இன்று புத்தகம். புறநானூற்றின் 125ஆம் பாட்டில் ‘பருத்திப் பெண்டின் பனுவல்’ என்று வரும். அங்கே அது பஞ்சு. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழை பாவு, புலவர் கட்டுவது பா. யாராவது சொன்ன ஒரு சொல் உள்ளே போய் நின்றுவிட்டால் ‘மனசில் தைத்துவிட்டது’ என்கிறோம்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதை நேராகவே சொல்லிவிட்டார். பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற சீனாபுரம்தான் அவர் ஊர் என்று எங்கள் பக்கத்தில் உரிமையோடு சொல்லிக்கொள்வோம். சுமார் 800 வருடங்களுக்கு முன் அவர் எழுதிய இலக்கணத்தின் பாயிரத்தில் ஒரு வெண்பா இருக்கிறது: ‘பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச் செஞ்சொற் புலவனே சேயிழையா’ என்று தொடங்கும். சொல்தான் பஞ்சு, எழுதுகிறவன்தான் நூற்கிற பெண், அவன் வாய்தான் அவள் கை, அவன் அறிவுதான் நூல் நூற்கிற கதிர். இப்படி நூற்றால் குற்றமில்லாத நூல் கிடைக்கும் என்கிறார். கவனித்துப் பாருங்கள், அவர் சொன்னது நூற்பதை, தைப்பதை இல்லை. அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு கேள்வியில் வருகிறேன்.

எழுத்தெல்லாம் பிறவியிலேயே வரணும்னு சொல்றாங்களே?

ஓரத்தை மடித்துத் தைக்கிற ஹெம்மிங் பிறவியிலேயே வரணும் என்று யாரும் சொல்வதில்லை. தையல் வகுப்பில் முதல் வாரம் மெஷினில் நூலே கோக்க மாட்டோம். பழைய நோட்டுத் தாளில் கோடு போட்டு, வெறும் ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வோம். பிறகு வளைவு, பிறகு சதுரம். சதுரத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். மூலை வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, தாளை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி பாதத்தை இறக்க வேண்டும். பத்து நாளில் கை தானாகச் செய்யும்.

எழுத்துக்கும் அப்படி ஒரு வெறும் ஊசிக் காலம் உண்டு. யாருக்கும் காட்டாமல் தினமும் அரைப் பக்கம் எழுதுகிற காலம் அது. அதைத் தாண்டி வந்தவரைத்தான் நாம் பார்க்கிறோம், பார்த்துவிட்டு ‘பிறவி எழுத்தாளர்’ என்கிறோம். ஒருவருக்குச் சீக்கிரம் வரும், ஒருவருக்குத் தாமதமாக வரும், அது உண்மைதான். தையலிலும் அப்படித்தான்.

நான் நேரா நாவல் ஆரம்பிச்சுட்டேன், நாற்பது பக்கத்துல நின்னுபோச்சு. முதல்ல எதை எழுதிப் பழகணும்?

தலையணை உறை, உள்பாவாடை, அப்புறம் ரவிக்கை. தையல் பழகுகிற வரிசை இது. ரவிக்கையில் கழுத்து வளைவு, கைக்குழி, டாட் என்கிற மடிப்புத் தையல், கொக்கிப் பட்டி எல்லாம் ஒரே இடத்தில் கூடும். அதில் கை வைக்கும் முன் நேர்த்தையல் நேராக வர வேண்டும்.

எழுத்தில் தலையணை உறை என்று நான் கொடுப்பது, பஸ் நிறுத்தத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வழி எழுதுவது. படிக்கிறவர் யாரையும் கேட்காமல் வந்து சேர வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ‘அந்த முக்கில் திரும்புங்கள்’ என்று எழுதிவிட்டு, எந்த முக்கு என்பதை விட்டிருப்பார்கள். அடுத்தது, வீட்டில் வைக்கிற ரசம். ‘புளியைக் கரைத்து’ என்று ஆரம்பிப்பார்கள். எவ்வளவு புளி, எவ்வளவு தண்ணீர் என்று இருக்காது. கைக்குத் தெரிந்தது தாளில் வராமல் போகிறது என்பது அங்கேதான் புரியும். அந்த நாற்பது பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டாம், பீரோவில் இருக்கட்டும்.

பிடிச்ச எழுத்தாளர் மாதிரியே எழுதிப் பார்க்கிறது காப்பியா?

எந்த டெய்லர் கடையிலும் முதலில் கேட்பது ‘அளவு ஜாக்கெட் கொண்டு வந்தீங்களா?’ என்றுதான். நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கையை வைத்துப் புதியதை வெட்டுவது நாட்டு வழக்கம். மார்புப் பகுதி கிண்ணம் போல வருகிற கட்டோரி ரவிக்கையை நான் கற்றதும் அப்படித்தான். அம்மாவின் நைந்த ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துத் துண்டுகளைத் தரையில் பரப்பினேன். போட்டுப் பார்க்கும்போது உருண்டையாகத் தெரிகிற இடம், பிரித்துப் போட்டால் வளைவு மாறுபட்ட இரண்டு தட்டைத் துண்டுகள்தான். அந்த வளைவுகளின் வித்தியாசத்தில்தான் உருண்டை ஒளிந்திருந்தது.

பிடித்த கட்டுரையையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் பத்தியில் எத்தனை வாக்கியம், பெயர்கள் எங்கே முதலில் வருகின்றன, முக்கியமான செய்தியை எந்த இடம் வரை சொல்லாமல் வைத்திருக்கிறார், பேச்சு எங்கே வருகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு உங்கள் வீட்டுச் சங்கதியை அதே வெட்டில் தைத்துப் பாருங்கள். வெட்டு யாருக்கும் சொந்தமில்லை. துணியை, அதாவது அவருடைய வாக்கியத்தை எடுத்தால் அது திருட்டு. பழகுவதற்காக ஒருவரைப் போல எழுதியதை உங்கள் நோட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத்தையும் முன்கூட்டியே திட்டம் போட்டுட்டுதான் எழுதணுமா?

உள்பாவாடைக்கு நான் தாள் வெட்டு வைப்பதில்லை. நேராகத் துணியில் சாக்பீஸ் கோடுதான். நீளவாக்கில் பல துண்டுகளைச் சேர்த்து உடம்புக்குப் பொருத்துகிற பிரின்சஸ் கட் ரவிக்கை என்றால் தாளில் வரைந்து வெட்டாமல் துணியைத் தொட மாட்டேன். எழுதுகிற பொருளில் எத்தனை துண்டுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பதைப் பொறுத்தது இது. ஒரு நாள் நிகழ்ச்சியை எழுத மூன்று சொல் குறிப்பு போதும். மூன்று தலைமுறைக் கதைக்கு யார் எந்த வருடம் பிறந்தார் என்ற பட்டியல்கூட இல்லாமல் இறங்கினால், பாதியில் பேத்திக்குப் பாட்டியைவிட வயது கூடிவிடும்.

படிக்கப் போறது யாருன்னே தெரியாது. யாருக்குன்னு அளவெடுக்கிறது?

ஃப்ரீ சைஸ் நைட்டி எல்லாருக்கும் நுழையும், யாருக்கும் பொருந்தாது. ‘பொதுவாக எல்லாருக்கும்’ என்று எழுதுகிற கட்டுரையும் அப்படித்தான் தொளதொளவென்று தொங்கும். எனக்கு உதவுகிற வழி ஒன்று உண்டு: உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளை மனசில் உட்கார வையுங்கள். பருத்தி மில்லில் வேலை பார்க்கிற சித்தி, கல்லூரியில் படிக்கிற தம்பி மகன், யாரானாலும் சரி. அவருக்கு எது தெரியும், எதை விளக்க வேண்டும், எந்தச் சொல்லில் முகம் சுளிப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அளவுக்குத் தையுங்கள். அதே உடல்வாகு உள்ளவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள்.

நான் தெரிஞ்சுக்கிட்ட எல்லாத்தையும் எழுதிடணும்னு தோணுது. பாதியை விட்டா வீண்தானே?

ரவிக்கையைப் புரட்டி உள்பக்கம் பாருங்கள். பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு இன்ச், சில டெய்லர்கள் ஒன்றரை இன்ச் கூடத் துணி விட்டிருப்பார்கள். வெளியே தெரியாது. ஆனால் அது இல்லாமல் தையலை ஓரத்திலேயே ஓட்டினால், கையைத் தூக்கிய முதல் நாளே இழை உருவிக்கொண்டு பிரியும். விட்ட துணி இருந்தால்தான் இரண்டு வருடம் கழித்துப் பிரித்துத் தளர்த்தவும் முடியும்.

நீங்கள் தெரிந்துகொண்டு எழுதாமல் விட்டது அந்த உள்துணி. ஒரு தறிக்காரரைப் பற்றி ஒரு பக்கம் எழுத, அவரோடு மூன்று நாள் இருந்திருந்தால், நீங்கள் சொல்லாத விஷயங்கள் சொன்ன விஷயங்களைப் பிடித்து நிறுத்தும். தறி ஓசை எப்போது நிற்கும், இழை அறுந்தால் அவர் எந்தக் கையால் முடிச்சுப் போடுவார் என்று தெரிந்தவர் எழுதுகிற ‘அவர் தறியை நிறுத்தினார்’ என்ற வாக்கியத்துக்குக் கனம் வேறு. எல்லாவற்றையும் வெளியே கொட்டினால் ரவிக்கையை உள்வெளியாகப் போட்ட மாதிரி ஆகும்.

என் வாக்கியம் நீண்டுகிட்டே போகுது, நிறுத்தவே தெரியல. என்ன பண்றது?

தமிழில் இது எல்லாருக்கும் நேரும், காரணம் நம் வினையெச்சம். போய், வாங்கி, வந்து, வைத்து, பார்த்து என்று எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். கையால் போடுகிற ஓட்டுத் தையல் மாதிரி. ஊசியைத் துணியில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஒரே இழுப்பில் இழுப்போமே, அது. வேகமாகப் போகும், ஆனால் முடிச்சு விழுகிற வரை எதுவும் நிற்காது. வாக்கியத்துக்கு முடிச்சு வினைமுற்று. பெயரிலேயே முற்று என்று இருக்கிறது.

வகுப்பில் ஒருவர் எழுதியதைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன்: ‘காலையில் எழுந்து குளித்துவிட்டுக் கடைக்குப் போய் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது தெருமுனையில் கூட்டமாக இருப்பதைப் பார்த்து என்னவென்று விசாரித்து அப்பா விழுந்துவிட்டார் என்று தெரிந்து ஓடினேன்.’ இதில் வாக்கியத்தை முடிக்கிற முற்று ஒன்றுதான், அது ஓடியதற்குக் கிடைத்திருக்கிறது. அப்பா விழுந்தது ஏழெட்டு எச்சங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நாங்கள் பேசி இப்படித் திருத்தினோம்: ‘அரிசி வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெருமுனையில் கூட்டம். அப்பா விழுந்துகிடந்தார்.’ எழுந்ததும் குளித்ததும் தேவையே இல்லை. அதற்காக எல்லா வாக்கியத்தையும் மூன்று சொல்லில் வெட்டிவிடாதீர்கள். வாசகர் ஒவ்வொரு முடிச்சிலும் தடுக்கி விழுவார். சந்தைக்குப் போய் வந்த அலைச்சலைச் சொல்ல நீண்ட எச்சக் கோவைதான் சரி.

சந்திப் பிழையெல்லாம் யார் பார்க்கிறாங்க? க், ச், த், ப் விட்டா குடியா முழுகிடும்?

பல இடங்களில் முழுகாது, ஓரம் மட்டும் பிசிறாகத் தெரியும். சில இடத்தில் முழுகும். ‘வேலை கொடு’ என்றால் பார்க்க ஒரு வேலை கேட்கிறீர்கள். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருக்கிற வேலைக் கேட்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு க். இரண்டு சொல் சேருகிற இடத்துக்குச் சந்தி என்று பெயர் வைத்ததே அது ஒரு மூட்டு என்பதால்தான். இரண்டாம் வேற்றுமை ஐ, நான்காம் வேற்றுமை கு, இந்த இரண்டும் வெளிப்படையாக வந்து அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும் என்பதை மட்டும் முதலில் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கும்.

எழுதினதை அடிக்க மனசே வரல. கஷ்டப்பட்டு எழுதினதாச்சே?

அடிக்கடி கேட்கப்படுவது இதுதான், நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான். என் முதல் பட்டு ரவிக்கையில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். கைத்துண்டில் முன்பக்க வளைவு சற்று ஆழமாகவும் பின்பக்க வளைவு மேலோட்டமாகவும் இருக்கும். துணியை நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு மடித்து வெட்டினால் வலக்கை, இடக்கை என்று ஜோடியாக வரும். நான் இரண்டு துண்டையும் நல்ல பக்கம் மேலே இருக்க ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வெட்டினேன். இரண்டும் வலக்கை. துணி மிச்சம் இல்லை. அத்தை பெண்ணின் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. கடைசியில் வேறு நிறத்தில் கை வைத்துத்தான் முடித்தேன். கத்தரி பட்ட துணி மறுபடி சேராது என்று அன்றைக்கு உடம்பில் ஏறியது. இன்றும் கத்தரியை வைக்கும் முன் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன்.

நம்மில் பலர் அந்தப் பயத்தை எழுத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். முதல் வாக்கியம் சரியாக வர வேண்டும் என்று ஒரு மணி நேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். எழுதிவிட்டால் அடிக்கப் பயப்படுகிறோம். ஆனால் எழுத்தில் வரிசையே தலைகீழ். தையலில் முதலில் வெட்டு, பிறகு தையல். எழுத்தில் முதலில் தைத்து முடித்துவிட்டு, பிறகு வெட்டலாம். வெட்டிய துண்டு வேண்டுமென்றால் மறுபடி வைத்து ஒட்டலாம், வெட்டிய தடமே இருக்காது. எந்தத் தையல்காரருக்கும் கிடைக்காத வசதி அது.

அதனால் நான் சொல்வது, வெட்டுங்கள். மனசு கேட்கவில்லை என்றால், வெட்டியதை எல்லாம் ஒரு தனி நோட்டில் போட்டு வையுங்கள். துண்டுத் துணிப் பை இல்லாத தையல் வீடு உண்டா? அதிலிருந்து பைப்பிங்குக்கும் பொத்தானுக்கும் எப்போதாவது எடுப்போம். முக்கால்வாசி எடுக்கவே மாட்டோம், ஆனால் பை இருப்பதால் கத்தரி தைரியமாக ஓடும்.

சரி, அப்போ எத்தனை தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறது?

பட்டிலும் சாட்டினிலும் தையலைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே தெரியும். ஒரே இடத்தை மூன்று தடவை பிரித்தால் துணியே நைந்துவிடும். எழுத்தில் வெட்டிய தடம் இருக்காது என்று மேலே சொன்னேன், அது தாளைப் பொறுத்தவரை உண்மை. எழுதுகிறவரின் காது நைந்துபோகும். பத்தாவது தடவை திருத்தும்போது எது நன்றாக இருக்கிறது என்றே தெரியாது. எனக்கு மூன்று சுற்று போதும்: முதலில் பத்திகளின் வரிசை, பிறகு வாக்கியம், கடைசியில் சந்தியும் எழுத்துப் பிழையும். நடுவில் இரண்டு நாளாவது அந்தப் பக்கமே போவதில்லை. முதல் சுற்றிலேயே ஒற்றுப் பிழை பார்ப்பது, அளவு சரியா என்று தெரியாத ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது மாதிரி.

நான் சொன்னது ஒண்ணு, படிச்சவங்க புரிஞ்சுக்கிட்டது வேற. அவங்க சரியாப் படிக்கலைன்னுதானே அர்த்தம்?

மெஷின் தையலில் மேல்நூலும், அடியில் சிறு உருளையில் சுற்றியிருக்கிற பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். சில நேரம் மேலே பார்த்தால் தையல் அழகாக இருக்கும், துணியைத் திருப்பினால் அடியில் கொசகொசவென்று வளையமாக நூல் தொங்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் உடனே பாபினைக் கழற்றுவார்கள். தப்பு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். கோத்தது சரியில்லை, அல்லது டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், தளர்ந்திருக்கிறது. அடியில் தெரிகிற குறைக்கு மேலே போய்க் கைவைக்க வேண்டும்.

இதை நான் எழுத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குழப்பம் வாசகர் பக்கத்தில் தெரியும், காரணம் நம் பக்கத்தில் இருக்கும். ‘அவர் வந்ததும் அவர் கிளம்பிவிட்டார்’ என்று எழுதினால் எந்த அவர்? உங்களுக்குத் தெரியும், அதனால் உங்கள் கண்ணுக்குக் குறையே தெரியாது. துணியைத் திருப்பிப் பார்க்கும் வழி, இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பது. எங்கே நின்று மறுபடி ஆரம்பிக்கிறாரோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. அவரிடம் விளக்கம் சொல்லக் கூடாது. புத்தகம் போகிற இடத்துக்கெல்லாம் நீங்கள் கூடவே போய் விளக்க முடியாது இல்லையா?

உவமை, வர்ணனை எல்லாம் போட்டாதானே இலக்கியமா இருக்கும்?

ஆரி என்கிற கொக்கி ஊசிப் பூவேலை செய்கிறவர்கள் ரவிக்கையைத் தைத்து முடித்த பிறகு கல்லும் ஜரிகையும் வைப்பதில்லை. முழுத் துணியில் கழுத்தும் கையும் எங்கே வரும் என்று முதலில் குறித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, குறித்த இடத்தில் வேலையை முடித்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார்கள். வேலைப்பாடு வடிவத்தோடு சேர்ந்தே பிறக்கிறது. எழுதி முடித்துவிட்டு ‘அழகு கம்மியாக இருக்கிறதே’ என்று மேலே ஒட்டுகிற உவமை அப்படி இல்லை, துவைத்தால் உதிரும்.

‘சூரியன் தன் பொற்கதிர்களை வீசிக்கொண்டு எழுந்த அந்த இனிய வேளையில்’ என்று ஒருவர் ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். மருத்துவமனை வாசலில் டீக்கடைக்காரர் அப்போதுதான் பாய்லருக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தாராம். அதை எழுதுங்கள் என்றேன். பொற்கதிர் எல்லார் கடையிலும் கிடைக்கிற லேஸ். பாய்லரில் மூன்று விரல் திருநீறு அவர் மட்டும் பார்த்தது.

பேச்சு வழக்கையும் ஆங்கிலச் சொல்லையும் கலந்தா தமிழ் கெட்டுடுமா?

லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். நனைக்காமல் வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் பருத்தி லைனிங் சுருங்கும், மேல்துணி சுருங்காது, ரவிக்கை முழுக்கச் சுருக்கம் விழும். இரண்டு துணி சேர்வது குற்றமில்லை, சேரும் முன் நனைத்துப் பார்க்காததுதான் குற்றம்.

பஸ், டீ, மெஷின் எல்லாம் நம் வாயில் நன்றாக நனைந்து காய்ந்த சொற்கள். அவற்றைத் தயங்காமல் போடுங்கள். இந்த வருடம் புதிதாகக் கிளம்பிய சொல் ஐந்து வருடத்தில் எவ்வளவு சுருங்கும் என்று யாருக்கும் தெரியாது. பாத்திரங்கள் பேசுகிற இடத்தில் வரட்டும், நீங்கள் பேசுகிற இடத்தில் யோசித்துப் போடுங்கள். வட்டார வழக்கு என் கண்ணுக்குப் பட்டுத் துணி, தப்பாகத் தைத்தால் உடனே தெரியும். உங்கள் ஊர் வழக்கு உங்களுக்கு வரும். கேட்டறியாத ஊரின் வழக்கைப் போலி செய்யாதீர்கள்.

ஆரம்பம் ஜோரா வருது. முடிக்கும்போது மட்டும் சப்புன்னு போயிடுது, ஏன்?

முதல் கேள்வியில் சொன்ன நன்னூலிலேயே நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்று போகும் அதில் ஒன்பதாவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. போகப் போகத் தேய்ந்து மாய்ந்துபோவது. நீங்கள் சொல்கிற சங்கதிக்கு எவ்வளவு பழைய பெயர்!

காரணம் பெரும்பாலும் முடிவில் இல்லை. ஊசியில் கோத்த நூல் போதாமல் கடைசி நான்கு இன்ச்சுக்கு இழுத்துப் பிடித்துத் தைப்போமே, அந்த மாதிரி, கையில் இருந்த விஷயம் முன்னாலேயே தீர்ந்திருக்கும். எங்கே தீர்ந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். பல நேரம் கடைசிப் பத்திக்கு இரண்டு பத்தி முன்னாலேயே கட்டுரை முடிந்திருக்கும். அங்கேயே பின்தையல் இரண்டு போட்டு நூலை நறுக்கிவிடலாம். உண்மையிலேயே விஷயம் போதவில்லை என்றால் புது நூல் கோக்க வேண்டியதுதான்: மறுபடி போய்ப் பார்த்து, கேட்டு வர வேண்டும்.

ஏஐகிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல எழுதிக் கொடுக்குது. தையல் மெஷின் வந்த மாதிரிதானே இதுவும்?

மெஷின் வந்தபோது ஊசியின் வேகம் மாறியது. துணியைத் திருப்புகிற கை என்னுடையதாகவே இருந்தது, எங்கே நிறுத்துவது என்ற முடிவும் என்னுடையதுதான். நீங்கள் சொல்வதை ரெடிமேட் கடையோடுதான் ஒப்பிடுவேன். ரெடிமேடை நான் குறை சொல்ல மாட்டேன். வங்கிக்கு ஒரு கடிதம், சங்கக் கூட்டத்துக்கு ஓர் அறிவிப்பு, இதற்கெல்லாம் தைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் அப்பா விழுந்த காலை எந்தக் கடையிலும் தொங்காது. எழுதப் பழக வந்தவருக்கு இன்னொன்றும் உண்டு. ரெடிமேட் வாங்கி வாங்கிக் கை தையல் கற்காது. மூலையில் ஊசியை இறக்கித் தாளைத் திருப்புகிற அந்தப் பத்து நாளை வேறு யாராலும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

இந்த ஒப்புமை எங்கேயாவது பொருந்தாமப் போகுதா, உண்மையைச் சொல்லுங்க?

போகிறது. எழுத்தில் வெட்டு கடைசியில் வரலாம் என்று மேலே சொன்னது ஒன்று. ரவிக்கை பொருந்தாவிட்டால் ‘கை இறுக்குதுங்க’ என்று வந்து நிற்பார்கள். கட்டுரை பொருந்தாவிட்டால் வாசகர் பேசாமல் மூடி வைத்துவிடுவார், நமக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் வாய்விட்டுப் படிக்க ஓர் ஆள் வேண்டும் என்கிறேன்.

பெரிய வித்தியாசம் பவணந்தியார் பார்த்தது. தையல்காரருக்குத் துணி கடையிலிருந்து வருகிறது. நிறம், கனம், கரை எல்லாம் முன்பே முடிவானது. எழுதுகிறவருக்குத் துணி வருவதில்லை. பார்த்ததையும் கேட்டதையும் பஞ்சாகக் கொட்டி, கொட்டை நீக்கி, தானே இழை எடுக்க வேண்டும். அவர் தையல்காரியை விட்டு நூற்கிற பெண்ணைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். கதிரில் ஒரே சீராக இழுக்காவிட்டால் ஓரிடம் தடிக்கும், ஓரிடம் மெலிந்து அறும். இந்தப் பக்கத்தில் நான் சொன்னதெல்லாம் இழை கைக்கு வந்த பிறகு நடக்கிற வேலை. இழை எடுப்பதற்கு என்னிடம் தாள் வெட்டு கிடையாது.

இதுல காசு வருமா?

ரவிக்கையில் வருகிறது. எழுத்தில் எனக்கு வந்ததைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பேத்திக்குப் பாவாடை தைக்கும்போது கூலி கணக்குப் பார்க்கிறோமா? நான் எழுதுவதை அப்படித்தான் வைத்திருக்கிறேன். தொழிலாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வேறு கணக்கு உண்டு, அதை அவர்களிடம் கேட்பதுதான் முறை.

ஞாயித்துக்கிழமை வரும்போது என்ன கொண்டு வரணும்?

நீங்கள் எழுதியதில் ஒரு பக்கம், வரிக்கு வரி இடம் விட்டுக் கையால் எழுதியது. ஒரு பென்சில். உங்களுக்கு நன்றாகப் பொருந்தியிருந்து இப்போது கிழிந்துபோன ரவிக்கையோ சட்டையோ ஒன்று. தையல் பிரிக்க பிளேடு நான் கொண்டு வருகிறேன்.